இணையமும் எமது நகரின் அறிவும்

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இணையமும் சமூகமும் என்ற பொருளில் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. மிகப் பரந்த பொருள் இது. யாழ்ப்பாணம் என்ற ஒரு நகரத்தோடும், அந்த நகரத்தின் அறிவு இன்று எங்கே இருக்கிறது என்ற ஒரு கேள்வியோடும் இதனை வரையறுத்துக்கொள்கின்றோம்.

நாம் படித்த காலத்தில் அறிவுக்கு ஓர் இடம் இருந்தது. ஊரில் வாசிகசாலை, கல்லூரியில் நூலகம், நகரில் பொது நூலகம். 1933இல் க. மு. செல்லப்பா அவர்களின் முயற்சியில் சிறிதாகத் தொடங்கிய அந்தப் பொது நூலகம், 1959இல் தனக்கென ஓர் அழகிய கட்டடத்தைப் பெற்றது. 1981இல் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியபோது, கைக்குழந்தையையும் சான்றிதழ்களையும்தான் எடுத்துச் செல்ல முடிந்தது. அலுமாரிப் புத்தகங்கள் அங்கேயே நின்றன. திரும்பி வந்தபோது பல வீடுகளில் அலுமாரியும் இல்லை.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்த அறிவு ஒரே இரவில் போய்விடும் என்பதை எமது நகரம் இவ்வாறுதான் கற்றுக்கொண்டது.

இணையம் தமிழுக்கு வந்தபோது பலர் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கியது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதற்கு முன்னின்று உழைத்தவர் எமது மண்ணைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2005இல் ஈழத்து நூல்களுக்கென்றே 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் உருவாகியது. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிய நூல்களும் சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் அங்கே பல்லாயிரக்கணக்கில் உள்ளன. கிளிநொச்சி மாணவியும் ரொறன்ரோவில் இருக்கும் அம்மம்மாவும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் வாசிக்கலாம். நகரம் இன்று வீதிகளோடு முடிவதில்லை.

ஆனால் எல்லோருக்கும் அந்தக் கதவு ஒரேயளவு திறக்கவில்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் சூமுக்கு மாறியபோது, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்த வீடுகளை நாம் கண்டோம். சமிக்ஞை தேடி மரத்திலும் மேட்டிலும் ஏறிய பிள்ளைகளையும் கண்டோம். 'எல்லாம் இணையத்தில் இருக்கிறது' என்று சொல்லும் முன் அவர்களை நினைக்கவேண்டும்.

அந்தச் சொற்றொடர் இன்னொரு வகையிலும் பிழை. யாராவது ஏற்றியது மட்டுமே இணையத்தில் இருக்கிறது. எமது பழைய மாணவிகளின் வட்ஸ்அப் குழுக்களில் நாளாந்தம் பழைய படங்கள் வருகின்றன. பார்த்து மகிழ்கின்றோம், ஒரு வாரத்தில் அவை நூறு செய்திகளுக்குக் கீழே போய்விடுகின்றன. அனுப்பும்போது படத்தின் தெளிவு குறைகிறது. தொலைபேசி பழுதானால் படமும் போகிறது. பகிர்வது வேறு, பாதுகாப்பது வேறு.

பெண்களாகிய எமக்கு இதில் தனியான அக்கறை உண்டு. எமது பாட்டிமார் பலரின் எழுத்து அச்சில் வந்தது ஒரேயொரு தடவை, அதுவும் கல்லூரிச் சஞ்சிகையில். பின்னர் அவர்கள் எழுதவில்லை, அல்லது எழுத விடப்படவில்லை. அந்தச் சஞ்சிகையும் தொலைந்தால், அவர்கள் எழுதினார்கள் என்பதற்கே சான்று இல்லை. கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இணையத்தில் பெயரைக் கொண்டுதான் தேடுகின்றோம். சஞ்சிகையில் தகப்பனாரின் பெயரோடு இருக்கும் மாணவி, மணமான பின் கணவரின் பெயரோடு வாழ்ந்திருப்பார். இரண்டும் ஒருவரே என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அவருடன் படித்தவர்களுக்கே தெரியும். அவர்களில் பலருக்கு இன்று எண்பது வயதைத் தாண்டிவிட்டது.

ஆகவே நூற்றாண்டு விழாவை ஒட்டி, மண்டபத்துக்கும் மதிலுக்கும் நிதி சேர்க்கும் நாம், இந்த வேலையையும் சேர்த்துச் செய்வோம். வீட்டில் இருக்கும் பழைய சஞ்சிகை, பரிசளிப்பு விழா அறிக்கை, நாடக நிகழ்ச்சி நிரல், குழுப்படம் எதையும் எறியாதீர்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் வருடுங்கள். முடியாதவர்கள் அருகிலுள்ள கிளையிடம் ஒப்படையுங்கள். மூலப்பிரதி உங்களுக்கே திரும்பி வரட்டும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, கன்னிப் பெயரும் மணப்பெயருமாக, மூத்த அக்காமாரிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதி கல்லூரியிலும், ஒன்று எண்ணிம நூலகத்திலும், ஒன்று வெளிநாட்டுக் கிளை ஒன்றிலும் இருக்கட்டும். உயிருடன் இருப்போரின் முகவரி, புள்ளிப் பட்டியல் போன்றவற்றை மட்டும் பொதுவில் இடாதீர்கள். எழுதியவரின் அல்லது குடும்பத்தின் சம்மதத்தையும் பெறுங்கள்.

இதற்குப் பெரும் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. ஞாயிறு பிற்பகல்கள் சிலவும், ஒரு வருடியும், பெயர்களை நினைவில் வைத்திருக்கும் ஓர் அக்காவும் போதும். மூன்றிலும் விரைவாகக் குறைந்து வருவது கடைசியாகச் சொன்னதே. இன்றைய தேநீர் வேளையிலேயே அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமருங்கள்.