செவியை அளக்கும் கருவியை அளப்பது யார்?



அரிசி வாங்கச் செல்லுகிறவர், கடைக்காரரின் எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருக்கின்றதா என்று பார்ப்பதுண்டு. கல் குறைந்தால் நட்டம் ஒரு பிடி அரிசியே. குழந்தையின் செவியைச் சோதிக்கும் கருவி பிழைபட்டால் நட்டம் எவ்வளவு?

திருவனந்தபுரத்தில் ஆக்குளம் என்னுமிடத்தில் ‘நிஷ்’ என்று வழங்கும் தேசியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கின்றது. 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் செவித்திறன் வல்லுநர்களைப் பயிற்றுவிக்கின்றது. இத்தகைய இடத்திற்குத் தமிழ் மட்டுமே அறிந்த குழந்தை ஒன்று வருவதாகக் கொள்வோம். ‘ஒலி கேட்டால் கையை உயர்த்து’ என்று மலையாளத்திற் சொன்னால் அதற்கு விளங்காமற் போகலாம். ஆனால் நடுச்செவிச் சோதனைக்கு மொழியே வேண்டியதில்லை. குழந்தை அசையாமல் அமர்ந்திருந்தாற் போதும். கருவியே விடை கூறிவிடும். குழந்தை மறுத்துரைக்க வழியில்லாத காரணத்தாலேயே, கருவி பொய் கூறலாகாது.

இத்துறைக்கு டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆட்டோ மெட்ஸ் 1946-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அடிப்படையாயிற்று. இக்காலக் கருவியில், செவித்துளையை அடைக்கும் சிறு முனை ஒன்று 226 ஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே செலுத்துகின்றது. காற்றழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கி, செவிப்பறை எவ்வளவு இசைந்து கொடுக்கின்றது என்று அளக்கின்றது. வரைகோடு தட்டையாக இருந்து, அளந்த காற்றின் கொள்ளளவு இயல்பாக இருந்தால் பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கலாம். கொள்ளளவு மிகுதியானால் பறையில் துளை இருக்கலாம். மருத்துவம் இரண்டிற்கும் வேறு.

ஆகவே கொள்ளளவு தெரிந்த உலோகக் குழிகளில், 0.5, 2, 5 மில்லிலிட்டர் என, முனையைப் பொருத்திக் கருவியைச் சரிபார்க்கின்றனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. கடலோரத் திருவனந்தபுரத்தில் திருத்திய கருவியை, நம் தமிழ்த் தொழிலாளர் பலர் வாழும் மூணாற்றுக்கு எடுத்துச் சென்றால், அங்கே ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். 2 மில்லிலிட்டர் குழி சுமார் 2.4 என்று காட்டும். கருவி பழுதுபடவில்லை, இடம் மாறியது. அங்கேயே மீண்டும் திருத்தினாலன்றி அளவு பொருந்தாது.

அடுத்தது அனிச்சைச் சோதனை. பேரொலி கேட்டால் நடுச்செவியிலுள்ள சிறு தசை தானே சுருங்கும். இயல்பான செவியில் இது பெரும்பாலும் 70 முதல் 100 டெசிபெல் வரையிலான ஒலிக்கு நிகழும். 10 டெசிபெல் ஏறினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். கருவி 95 என்று காட்டி 85-ஐ மட்டுமே ஒலித்தால், நல்ல செவியிலும் தசை சுருங்காதது போலத் தோன்றி, வீண் அச்சமும் செலவும் விளையும். 95 என்று காட்டி 105-ஐ ஒலித்தால், உண்மையான நரம்புக் கோளாறு மறைந்துபோகலாம். இவ்வொலியை, காதை ஒத்த செயற்கைக் குழியும் நுண்ணிய ஒலிமானியும் கொண்டு அளந்து திருத்துகின்றனர். முழுத் திருத்தம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேண்டும். நாள்தோறும் காலையில் குழியிலும், நலமுள்ள தம் செவியிலும் சோதித்துப் பார்ப்பது நல்ல வல்லுநரின் வழக்கம். முனையில் ஒட்டிய சிறிது குறும்பியும் அளவைக் கெடுத்துவிடும்.

எந்த ஊரில் வாழினும், குழந்தையைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, ‘இக்கருவி கடைசியாக எப்போது அளவு திருத்தப்பெற்றது?’ என்று பணிவுடன் கேளுங்கள். எடைக்கல்லில் முத்திரை பார்ப்பது கடைக்காரருக்கு இழுக்கன்று. இக்கேள்வியும் வல்லுநருக்கு இழுக்கன்று.