“என் சுபாவமே இப்படித்தான்”



சில மாதங்களுக்கு முன்னர் ஓர் அஸர் தொழுகையின் பின், முல்லைத்தீவுப் பகுதியில் மீள்குடியேறிய ஒரு தந்தை தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணித பாடத்தில் சித்தியடையத் தவறிய பிள்ளை அவர். “மௌலவி, இவன் பிறவிச் சோம்பேறி. எதையும் தொடங்குவான், முடிக்க மாட்டான். நீங்கள்தான் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்” என்றார் தந்தை. மகன் மறுத்துப் பேசவில்லை. தந்தை வெளியே சென்றதும் தம் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார். ஏதோவொரு வினாக்கொத்துக்கு விடையளித்திருக்கிறார். நான்கு எழுத்துகளில் ஒரு முடிவு வந்திருந்தது. “எனக்குத் திட்டம்போட்டு நடக்க வராதாம் மௌலவி. என் சுபாவமே இப்படித்தான்” என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. எதிலும் ஒத்துப்போகாத அந்தத் தந்தையும் மகனும் இந்த ஒரு விடயத்தில் முழுமையாக ஒன்றுபட்டிருந்தனர். சுபாவம் மாறாது என்பதே இருவரதும் தீர்ப்பு.

மனிதரை வகை பிரித்துப் பார்க்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் யூனானி ஹகீம்கள் நாடியைப் பிடித்துப் பார்த்து, தமவி, பல்கமி, ஸஃப்ராவி, ஸவ்தாவி என நான்கு மிஸாஜ்களைக் கூறுவர். கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்த அந்த அறிவை இப்னு ஸீனா தம் மருத்துவ நூலில் விரித்துரைத்தார். அந்த மகனின் தொலைபேசியில் வந்த நான்கு எழுத்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கார்ல் யுங் என்ற சுவிற்சர்லாந்து மருத்துவர் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலைத் தழுவி, கத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய மகள் இசபெல் மயர்ஸும் மனிதரைப் பதினாறு வகையாகப் பிரித்தனர். இருவரும் உளவியலை முறையாகக் கற்றவர்களல்லர். சில வாரங்கள் கழித்து மீண்டும் விடையளிப்போருள் கணிசமானோர் வேறு வகைக்குள் போய்விடுகின்றனர் என்பது ஆய்வாளர் கண்ட குறை. இன்றைய உளவியலாளர் பலர், ஒழுங்கும் பொறுப்புணர்வும் ஒருவரிடம் ‘உண்டு’, ‘இல்லை’ என்று கோடு கிழிக்கக்கூடியவை அல்ல, கூடியும் குறைந்தும் இருப்பவை என்பர். இளமைப் பருவத்தைக் கடக்கும்போது பெரும்பாலானோரிடம் அவை வளர்கின்றன என்றும் அவர்கள் கண்டுள்ளனர். பதினாறு வயதுப் பிள்ளைக்கு முடிவான தீர்ப்பெழுதும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியாயின் இயல்பு என ஒன்று இல்லையா? உண்டு. அப்துல் கைஸ் கோத்திரத்தார் மதீனாவுக்கு வந்தபோது, ஏனையோர் வாகனங்களிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக நபி (ஸல்) அவர்களிடம் விரைந்தனர். அஷஜ் (ரழி) அவர்கள் மட்டும் பின்தங்கி, தம் பொதியை எடுத்து, நல்லாடை அணிந்து, நிதானமாக வந்தார்கள். அவருடைய சகிப்பும் நிதானமும் அல்லாஹ் விரும்பும் பண்புகள் என நபியவர்கள் பாராட்டினார்கள். உடனே அவர் கேட்ட கேள்வி அழகானது: இவை நானாகப் பழகிக்கொண்டவையா, என்னோடு படைக்கப்பட்டவையா? படைக்கப்பட்டவையே என்ற விடை வந்தது. பழகியும் பெறலாம் என்ற எண்ணம் அந்தக் கேள்வியிலேயே இருப்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’விலே இதற்கு ஓர் உவமை தருகிறார்கள். பேரீச்சங்கொட்டை பேரீச்ச மரமுமன்று, ஆப்பிள் மரமுமன்று. பராமரித்தால் அது பேரீச்ச மரமாகலாம்; எவ்வளவுதான் பாடுபட்டாலும் ஆப்பிள் மரமாகாது. வன்னியில் வாழும் நமக்குப் பேரீச்சை எதற்கு? நம் பனங்கொட்டையை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். பனங்கொட்டையிடம் மாம்பழம் கேட்கும் பெற்றோரும் நம்மிடையே உளர். பனங்கொட்டையைப் புதைக்காமலே ‘இது முளைக்காத சாதி’ என்று எறிந்துவிடும் பெற்றோரும் உளர்.

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூற அனுமதியுங்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெரும் பகுதியினர் புத்தளத்தைச் சென்றடைந்தனர். அங்கே எழுந்த கிடுகுக் கொட்டில்களுள் ஒன்றிலேதான் நான் பிறந்தேன். நான் பயின்ற ஒரு பாடசாலையில் எங்களைப் பெயர் சொல்லி அழைக்காது, “அகதிப் பிள்ளைகள் எழும்புங்கள்” என்பர். கேட்டுக் கேட்டு, அதுவே தங்கள் தகுதி என்று ஏற்றுப் படிப்பை விட்டவர்கள் என் வகுப்பில் இருந்தனர்.

வாப்பாவுக்கு அங்கே நிரந்தரத் தொழில் இல்லை. ஆயினும் சுபஹுக்குப் பின் முற்றம் கூட்டப்படும். தண்ணீர்க் குடங்கள் வரிசைக்கு வரும். எங்களைக் குர்ஆன் மத்ரஸாவுக்கு அனுப்பிவிட்டே அவர் கூலி வேலை தேடிப் புறப்படுவார். அவர் பிறப்பிலேயே ஒழுங்கானவர் என நான் நினைத்திருந்தேன். வளர்ந்த பின் உம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: ஊரில் இருந்த காலத்தில் வாப்பா தாம் வைத்த மண்வெட்டியைத் தாமே தேடித் திரிபவராம்! எல்லாம் பறிபோன இடத்திலே, தம் கையில் எஞ்சியிருந்த காலைப் பொழுதை அவர் விடாது பிடித்துக்கொண்டார்.

‘ஆர்வம் வரட்டும், தொடங்குகிறேன்’ என்று காத்திருக்கும் இளைஞர்களே! ஆர்வம் மாரி மழை போன்றது. ஒக்டோபருக்குப் பின் கொட்டும். தை கழிந்தால் ஓய்ந்துவிடும். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் நம் விவசாயிகள் சிறுபோகம் செய்வது மழையை நம்பியா? குளத்தில் தேங்கிய நீரை அளந்து, இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டம் கூடித் தீர்மானித்து, முறைவைத்துத் திறக்கிறார்கள். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸை இவ்விடத்தில் நினைவுகூருங்கள்.

இனி, அந்த மகனிடம் வருவோம். ‘எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாது?’ என்று கேட்டேன். பழுதான நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றினால் சாப்பாட்டையும் மறந்து நடுநிசி வரை இருப்பாராம். இவரையா சோம்பேறி என்பது? காலையில் படி, காலையில் படி என்று வீட்டார் வற்புறுத்த, காலையில் அவருக்குக் கண் திறப்பதில்லை. அபூபக்ர் (ரழி) அவர்கள் உறங்குமுன் இரவின் முற்பகுதியிலேயே வித்ரைத் தொழுதுவிடுவார்கள். உமர் (ரழி) அவர்கள் இரவின் பிற்பகுதியில் எழுந்து தொழுவார்கள். நபி (ஸல்) அவர்கள் முன்னவரிடம் பேணுதலையும் பின்னவரிடம் உறுதியையும் கண்டார்களே தவிர, ஒருவரை மற்றவராக மாறும்படி பணிக்கவில்லை. சுபஹ் தொழுகைக்கு விலக்கில்லை. கணிதத்துக்கு நேரம் மாற்றலாம் என்றேன். இஷாவுக்குப் பின் அரை மணி நேரம், மூன்று கணக்குகள், அதே மேசை, அதே இடம். மூன்று முடிந்தால் கொப்பியை மூடிவிட வேண்டும் என்பதும் நிபந்தனை.

பன்னிரண்டாம் நாள் விட்டுப்போயிற்றாம். ‘பார்த்தீர்களா மௌலவி’ என்று வந்து நின்றார். ‘பதின்மூன்றாம் நாளுக்குரிய மூன்று கணக்குகள் எங்கே?’ என்று மட்டும் கேட்டேன். இப்போது மீண்டும் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறார், முடிவு அல்லாஹ்விடம். அண்மையில் அந்தத் தொலைபேசி வினாக்கொத்தை மறுபடியும் செய்து பார்த்தாராம், வேறு நான்கு எழுத்துகள் வந்தனவாம்!

தந்தையைப் பற்றி விசாரித்தேன். ‘சோம்பேறி’ என்ற சொல் வீட்டில் குறைந்துவிட்டது என்றார். ‘படித்தாயா?’ என்றும் வாப்பா இப்போது கேட்பதில்லையாம். இஷா தொழுதுவிட்டு வந்ததும், எதுவும் பேசாமல், தொலைக்காட்சியை மட்டும் நிறுத்திவிடுகிறாராம்.