வணிகர் பொருளும் மாணவர் வாழ்வும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஈழத்துச் சிதம்பரத்துக் கூத்தப் பெருமானை வணங்கி நமது உரையைத் தொடங்குகின்றோம். "காகம் பறவாத இடமுமில்லை; காரைதீவான் போகாத இடமுமில்லை" என்பது நம்மவரைக் குறித்து வழங்கும் பழமொழி. சிலர் இதனைக் கேலியாகச் சொல்வதுண்டு. நாம் அதனைப் பெருமையாகவே கொள்கின்றோம். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து போன நம் முன்னோர் இலங்கையின் பட்டினந்தோறும் கடை வைத்தனர். கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, திருவாதிரை வந்தால் ஊருக்கு வந்தனர். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கோயில்களுக்கு உபயம் செய்தனர், கேணியும் மடமும் அமைத்தனர், பள்ளிக்கூடங்களுக்குக் கைகொடுத்தனர். 1888 இல் தோன்றிய நமது இந்துக் கல்லூரி நின்று நிலைத்தமைக்கு ஊரவர் கைப்பொருளும் ஒரு காரணம் என்பதை மறுப்பார் இல்லை. 1983 ஆடிக் கலவரத்திலே தென்னிலங்கையில் தமிழர் கடைகள் எரிந்து சாம்பலாயின. அதன் பின்னர் நம்மவருட் பலர் இலண்டனுக்கும் கனடாவுக்கும் சென்றனர். இடம் மாறினாலும் கொடுக்கும் வழக்கம் மாறவில்லை. அந்தக் கொடை இனி எவ்வழியிற் செல்ல வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"இலவசக் கல்வி இருக்கிறதே, மாணவருக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டிற் கல்வி இலவசமாயிற்று. அரசாங்கப் பல்கலைக்கழகத்திலே படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நமது ஊர்ப் பிள்ளைக்கு மொறட்டுவையிலோ பேராதனையிலோ இடம் கிடைத்தால் அறை வாடகை யார் கொடுப்பது? மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் கட்டணம், மடிக்கணினி ஆகியவற்றுக்கு வழி என்ன? கடலை நம்பி வாழும் தகப்பனுக்கும் கூலி வேலை செய்யும் தாய்க்கும் இவை சிறிய செலவுகள் அல்ல. வாசல் திறந்திருந்தும் வாசல் வரை போக வழியில்லாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களுக்கே நமது உதவி வேண்டியிருக்கின்றது.

கொடையாற் பல்கலைக்கழகம் எழுந்த வரலாற்றை நாம் தூரத்திலே தேட வேண்டியதில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கும், 1921 இல் திருநெல்வேலியிலே ஆண்களுக்கும் கல்லூரி நிறுவினார். திருநெல்வேலிப் பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேதான் 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவரானார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தாம் மறைந்து நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின் தமது கல்லூரி பல்கலைக்கழகமாகும் என்று 1930 இல் கண்மூடிய இராமநாதன் அறிந்திருக்க மாட்டார். ஆயினும் அன்று அவர் இட்ட அத்திவாரம் இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தாங்குகின்றது.

கடல் கடந்து பார்ப்போமானால், வணிகப் பொருள் கல்விப் பொருளான உதாரணங்கள் பல உண்டு. செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியார் 1920 இல் சிதம்பரத்திலே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். இருபது இலட்சம் ரூபா கொடுத்து அதனை 1929 இல் பல்கலைக்கழகம் ஆக்கினார். அங்கே முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் யார்? நமது ஊரின் பழம் பெயரையே தன் பெயராகக் கொண்ட கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். ஒரு வணிகரின் பொருளால் எழுந்த பல்கலைக்கழகத்திலே ஈழத்துத் துறவி ஒருவர் தமிழ் கற்பித்தார் என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது. ஆலைத் தொழிலிற் பொருளீட்டிய அழகப்பச் செட்டியார் காரைக்குடியிலே 1947 இற் கல்லூரி நிறுவினார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாவும் ஈந்தார். தாம் வாழ்ந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். 1985 இல் அவர் பெயராலே பல்கலைக்கழகம் ஒன்று அமைந்தது.

பம்பாயிலே ஜம்சேத்ஜி டாட்டா 1892 இல் வேறு ஒரு வழி கண்டார். மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் மாணவருக்கு அவர் கடனாகவே பணம் கொடுத்தார். படித்து உழைத்தவர் திருப்பிக் கொடுக்க, அப்பணம் அடுத்த மாணவனுக்குப் போயிற்று. பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் அந்த உதவியால் இலண்டன் சென்று படித்தவர். இன்று டாட்டா சன்ஸ் கம்பனியின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறக்கட்டளைகளுக்கே உரியது. கம்பனி வளர வளர அறமும் வளரும்படி அந்த அமைப்பு இருக்கின்றது.

இந்தியாவிலே 2013 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், பெரிய கம்பனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. கல்வியும் அப்பணிகளுள் ஒன்று. நம் நாட்டிலே மகாபொல நிதியம் உண்டு. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்நிதியத்துக்கு வர்த்தகக் கண்காட்சிகளும் லொத்தர்ச் சீட்டும் பணம் சேர்த்துக் கொடுத்தன. சந்தையிலே சிந்திய சில்லறை சேர்ந்து பல்கலைக்கழக மாணவருக்குப் புலமைப்பரிசில் ஆகின்றது. பெருஞ் செல்வர் இல்லாத இடத்திலும் பலர் சேர்ந்தால் நிதி உண்டாகும் என்பதற்கு இது சான்று.

நிற்க. கொடுத்தால் மட்டும் போதாது. கொடுத்த பொருள் ஒழுங்காக நடக்கவும் வேண்டும். சென்னைப் பச்சையப்ப முதலியார் 1794 இல் இறக்கும்போது அறத்துக்கென்று உயில் எழுதி வைத்தார். அப்பொருள் பல்லாண்டுகள் வழக்கிலே சிக்கிக் கிடந்தது. ஈற்றில் நீதிமன்றத்தின் தீர்ப்பால், கோயிற் கட்டளைகள் போக எஞ்சியது கல்விக்கு ஒதுக்கப்பட்டு, 1842 இலே தான் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. சற்றேறக்குறைய அரை நூற்றாண்டு! அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பணநெருக்கடியில் வீழ்ந்து, 2013 இல் தமிழ்நாடு அரசின் கைக்குச் சென்றது. பெரியவர்கள் தொடங்கிய காரியமாயினும், பத்திரமும் கணக்கும் செவ்வையாக இராவிடின் இடர் வரும் என்பதை இவ்விரண்டும் காட்டும்.

மற்றவர் குறையைச் சொன்ன நாம் நமது குறையையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. சில ஆண்டுகளின் முன் பல்கலைக்கழகம் புகுந்த ஒரு தம்பிக்கு நாம் உதவி செய்தோம். விழா மேடைக்கு அவனை அழைத்தோம். அவனுடைய வீட்டு வறுமையை ஒலிபெருக்கியிலே விரித்துரைத்தோம். கொடுத்தவருக்கு மாலை போட்டோம், புகைப்படம் எடுத்தோம். சபையார் கைதட்டினர். அவன் மட்டும் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். அடுத்த ஆண்டுப் பணத்தை வாங்க அவன் வரவில்லை. "இரவிலே கடையிற் கணக்கெழுதிப் படிக்கிறான், இனி அவனைக் கூப்பிட வேண்டாம்" என்று தாயார் சொல்லியனுப்பினார். கொடுத்தவர் நல்லவர், நோக்கமும் நல்லது. ஆனால் நாம் கொடுத்த பணத்தைவிட நாம் எடுத்த மானம் பெரிதாய்ப் போயிற்று. அந்தத் தவறு நம்முடையது. அதை மறவாமலிருக்கவே இச்சபையிற் சொல்கின்றோம்.

ஆதலின் நாம் வேண்டிக் கொள்வன இவை. முதலாவது, கிடைக்கும் நிதியின் முதலைத் தொடாமல் வங்கியிலிட்டு, வட்டியிலிருந்தே உதவ வேண்டும். இரண்டாவது, யாருக்கு உதவுவது என்பதைக் கொடுப்பவரும் நாமும் தீர்மானியாமல், பிள்ளைகளை அறிந்த ஆசிரியர்களிடமே விட வேண்டும். சாதியும் வளவும் உறவும் அங்கே பேசப்படலாகாது. மூன்றாவது, பெறுபவர் பெயரை மேடையிலே சொல்லலாகாது; பணம் மாதந்தோறும் அவர் கணக்கிற் சேர வேண்டும். நான்காவது, வரவு செலவை ஆண்டுதோறும் இம்மலரிலேயே அச்சிட வேண்டும். கணக்கைக் காட்டினால் நம்பிக்கை தானே வரும்.

கடையும் கம்பனியும் நடத்தும் பெரியோர்களே! உபயத்தைக் குறைக்கும்படி நாம் கேட்கவில்லை. திருவிழா குறைவற நடக்கட்டும். அதனோடு, இலாபத்தில் ஒரு சிறு வீதத்தை ஆண்டுதோறும் தவறாமல் தாருங்கள். ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையிலும், நான்கு ஆண்டும் தவறாது வரும் சிறுதொகையே மாணவனைக் கரை சேர்க்கும். பல்கலைக்கழக விடுமுறையிலே நம் பிள்ளைகளுக்கு உங்கள் அலுவலகங்களிற் பயிற்சியும் கொடுங்கள். பட்டம் பெற்ற பின் வேலை தேடி அலையும் பிள்ளைக்கு அந்த அனுபவமும் பணத்துக்கு நிகரான கொடையாகும்.

இளைஞர்களே! உதவி பெறுவது இழிவன்று. பெற்றதை மறப்பதே இழிவு. பெற்றவன் உழைக்கத் தொடங்கியதும் பின்வரும் ஒருவனுக்கு அதனைக் கொடுத்துவிட வேண்டும். பத்திரம் எழுதி வாங்கும் கடனாக அன்றி, மனச்சாட்சியின் கடனாக அது இருக்கட்டும். நாம் முன்னே சொன்ன தம்பி இன்று பொறியியலாளன். சென்ற ஆண்டு அவன் நமது நிதிக்கு ஒரு தொகை அனுப்பினான். "என் பெயரை எங்கும் போட வேண்டாம்" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தான். கொடுக்கும் முறையை அவனிடமே நாம் கற்றுக்கொண்டோம்.

நமது ஊரிற் பிறந்த எந்தப் பிள்ளையும், இடம் கிடைத்தும் பணமின்மையாற் படிப்பை விட்டது என்ற சொல் இனி எழாதிருக்கட்டும். அதற்குக் கூத்தப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.