பம்ப் சொல்லிவிட்டுத்தான் சாகும்

(ஆண்டுச் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உபயோகமாகப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் நம் செயலாளர். நம்மில் பலர் வீட்டில் அப்பா வாங்கிய அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, கல்யாணமான புதிதில் வாங்கிய மாருதி 800-ஓ இன்னும் நிற்கிறது. பத்மினி 2001-ஓடு நின்றது. அம்பாசடர் 2014-ஓடு நின்றது. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. அதனால் இன்று பெட்ரோல் பம்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மெக்கானிக்குகள் இதை ஏ.சி. பம்ப் என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஏ.சி. என்பது அந்தக் காலத்தில் இதைச் செய்த கம்பெனியின் பெயர்.

கார்புரேட்டர் வண்டியில் இது இன்ஜினின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். கேம் ஷாஃப்டில் உள்ள ஒரு மேடு இதன் கையைத் தள்ளும். உள்ளேயிருக்கும் டயஃப்ரம் கீழே இறங்கி, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். பிறகு ஒரு ஸ்பிரிங் அதை மேலே தள்ளி கார்புரேட்டருக்கு அனுப்பும். இரண்டு வால்வு, ஒரு ஸ்பிரிங், ஒரு டயஃப்ரம். அவ்வளவுதான் சார் விஷயம். நம் நெஞ்சுக்குள் இருப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். நமக்கு வருஷா வருஷம் செக்கப் பண்ணுகிறோம், இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் இது திடீரென்று சாவதில்லை. சொல்லிவிட்டுத்தான் சாகும். மேடு ஏறும்போது திணறும். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். பம்பின் உடம்பில் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் பெட்ரோல் கசிந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, ஆயில் கசிந்தால் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

இதில் ஆபத்தானது வெளியே தெரியாத கசிவு. கிழிந்த டயஃப்ரம் வழியாகப் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும். ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள்: மட்டம் ஏறியிருந்தால், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பம்பை மாற்றினால் மட்டும் போதாது. ஆயிலையும் மாற்றியாக வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து "இன்ஜின் போச்சு" என்று வந்து நிற்கிறார்கள்.

பம்பைக் குற்றம் சொல்லுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை. அது அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடமாகி, எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய் வண்டி சரியானால், வியாதி மூடியில்தான். இரண்டு, கத்திரி வெயில். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும்; பம்பால் ஆவியை இழுத்துத் தள்ள முடியாது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். ஆறியதும் ஓடினால் பம்ப் நல்ல பம்ப்தான்.

அதற்கப்புறமும் சந்தேகமா? இன்ஜின் ஆறியிருக்கும்போது, காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றி வையுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு வேகமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் பம்ப் போச்சு. பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம் என்று தனியே சொல்லத் தேவையில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை. பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயின் வாயை அடையுங்கள். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள கட்டையும் பாக்கிங்கும் பழைய தடிமனிலேயே இருக்கட்டும். கை எவ்வளவு அசையும் என்பதை அந்தத் தடிமன்தான் தீர்மானிக்கிறது. கேமின் மேடு பம்ப் கையைத் தள்ளாத நிலைக்கு இன்ஜினைத் திருப்பிவிட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். டயஃப்ரம் மட்டும் மாற்றுகிறவர்கள், பிரிக்குமுன் இரண்டு பாதிகளிலும் அரத்தால் ஒரு கோடு போடுங்கள். மூடும்போது கையை முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்குரூவை இறுக்குங்கள். இல்லாவிட்டால் புது டயஃப்ரமும் சீக்கிரம் கிழியும்.

இப்போது புதிதாக ஒரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டிவிட்டது. நம் வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி உப்பும், அப்புறம் வெடிக்கும். டேங்கில் பல வருஷம் படிந்த கசடும் கரைந்து வந்து ஃபில்டரை அடைக்கும். ஆகவே ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ 'பழைய ஸ்டாக், ஒரிஜினல்' என்று கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரமும் ஹோஸும் கேளுங்கள். பம்பை மாற்றும் அன்றே ஹோஸ், கிளிப், ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைச் சொட்டினால் போவது கார் மட்டுமல்ல.

"எதுக்கு இந்த அவஸ்தை, எலெக்ட்ரிக் பம்ப் போட்டுடலாம் சார்" என்பார் மெக்கானிக். போடலாம், ஆனால் கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்தப் பம்பாக இருக்க வேண்டும். நம் கார்புரேட்டர் தாங்குவது சதுர அங்குலத்துக்கு மூன்று, நான்கு பவுண்டுதான். இன்ஜெக்ஷன் கார் பம்ப் தருவதோ நாற்பதுக்கும் மேல். கார்புரேட்டர் பொங்கி வழியும். விபத்தில் இன்ஜின் நின்றால் பழைய பம்பும் தானாக நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் சாவி போட்டிருக்கும் வரை பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாமல் போடவே கூடாது.

ஊருக்குப் போனதும் பானட்டைத் திறந்து, ஆயில் கம்பியை முகர்ந்து, பம்பின் அடியில் ஒரு விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பேரன் பேத்தியை ஏற்றுமுன் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள்.