காலமறிந்து வாழ்த்துவோம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வைகறையிலும் வணக்கம், நள்ளிரவிலும் வணக்கம். நேரத்துக்கு நேரம் சொல்லை மாற்றும் தேவை தமிழருக்கு இல்லை. ஆங்கிலமோ மணி பார்த்து வந்தனம் கூறும் மொழி. உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞராகிய நாம், வாசற்படியிற் கூறும் முதற் சொல்லிலேயே தடுமாறலாகாது. ஆகவே அதன் முறையைச் சற்று ஆராய்வோம்.

துயிலெழுந்தது முதல் நண்பகல் 12 மணி வரை ‘குட் மோர்னிங்’. 12 மணி கடந்ததும் ‘குட் ஆப்டர்நூன்’. மதிய போசனம் இன்னும் ஆகவில்லையே என்று காலை வந்தனத்தையே தொடர்தல் பொருந்தாது. மாலை 5 அல்லது 6 மணியளவில் ‘குட் ஈவினிங்’ தொடங்கும். இவ்வெல்லை கோடு கிழித்தாற் போன்றதன்று. லண்டன் நகரில் டிசம்பர் நடுவில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறையும். ஜூன் மாத இறுதியில் இரவு 9 மணிக்குப் பின்னரே மறையும். ஆதலால் அங்குள்ளோர் சூரியனை மட்டும் நம்பாது கடிகாரத்தையும் நோக்குகின்றனர்.

நம்மவர் பெரிதும் இடறுவது ‘குட் நைட்’ என்பதிலேதான். இரவு வந்துவிட்டதே என்று, சந்திக்கும்போதே அதனைக் கூறிவிடுகின்றனர். அது பிரியும்போதும் உறங்கப் போகும்போதும் கூறுவது. இரவு 9 மணிக்குக் கலியாண வீட்டினுள் நுழைந்தாலும் ‘குட் ஈவினிங்’ என்பதே முறை. வாசலில் நின்று ‘குட் நைட்’ என்றால், வந்தவர் வந்த காலோடு திரும்புகிறார் என்றல்லவா பொருள்படும்!

‘ஹலோ’ எந்நேரத்துக்கும் உதவும். 1877 இல் தொலைபேசியில் அழைப்பதற்கு எடிசன் பரிந்துரைத்த சொல் அதுவே. பெல் விரும்பியதோ மாலுமிகளின் ‘அஹோய்’. எனினும், முன்பின் அறியாத பெரியோர் முன்னிலையில் நேரத்துக்குரிய வந்தனமே மதிப்புடையது.

இவையெல்லாம் வெறுஞ் சடங்கல்ல, வாழ்த்துகளே. ‘குட் பை’ என்பது, ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் 16 ஆம் நூற்றாண்டளவிற் குறுகிப் பிறந்த சொல். ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்னும் நம் முன்னோரின் உள்ளமும் அத்தகையதே அன்றோ?

ஆதலின் ஒன்று கூறுவோம். யாரேனும் ‘குட் நைட்’ என்று நம்மை வரவேற்றால், சபை நடுவே நகைப்பது கல்வியன்று. சொல் பிழைத்ததேயன்றி அவர் அன்பு பிழைக்கவில்லை. தனியே அழைத்துச் சொல்லிக் கொடுப்போம். ஆங்கிலம் அறிந்தோம் என்பதற்காக, ஊர்ப் பெரியவரைக் கண்டு கைகூப்ப நாணுவதும் கல்வியன்று.

இரவுக் கூட்டம் கலையும் நேரம் இது. இப்பொழுது ‘குட் நைட்’ என்றால் இலக்கணப் பிழையில்லை. ஆயினும் நம் சபையில் நமக்கு இயல்பானதைக் கூறியே அமர்கின்றோம்.

வணக்கம்.