பழி பம்புசெட்டு மேலே, தப்பு எங்கே?

(ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



கரண்டு பற்றாக்குறை என்றாலே நம்ம பம்புசெட்டைத்தான் கை காட்டுகிறார்கள். "விவசாயி இலவசமா இறைச்சுத் தள்ளுறான்" என்கிறார்கள். இது உண்மைதானா? ஒரு பழைய வழக்கை எடுத்துப் பார்ப்போம்.

2012 ஜூலை 30, விடியற்காலை 2.33 மணி. வடமாநிலங்களின் மின்தொகுப்பு மொத்தமாகச் சாய்ந்தது. மறுநாள் பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி! அப்போதும் பழி யார் மேல்? மழை குறைந்ததால் நெல்லுக்குத் தண்ணீர் இறைத்த பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேச விவசாயி மேல்.

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அரசு அமைத்த குழுவும் ஆகஸ்ட் 16-ல் அறிக்கை கொடுத்தது. அதில் தெரிந்தது என்ன?

ஒன்று, பல டவர் லைன்கள் ஏற்கெனவே நிறுத்தத்தில் இருந்தன. மத்தியப் பிரதேசத்தில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் இரண்டில் ஒன்றைத் தரம் உயர்த்த நிறுத்தியிருந்தார்கள். பாரம் மற்றதன் மேல் ஏறியது.

இரண்டு, கூடுதலாக எடுப்பதைக் குறையுங்கள் என்று மண்டலக் கட்டுப்பாட்டு மையம் சொல்லியும் மாநில மையங்கள் போதுமான அளவு குறைக்கவில்லை.

மூன்று, கம்பி அறுபடவில்லை, ஷார்ட்டும் ஆகவில்லை. ஏறின பாரத்தையே பழுது என்று ரிலே தப்பாக எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்தது. மோட்டார் நல்லா இருக்கும்போதே ஸ்டார்ட்டர் விழுமே, அந்தக் கதைதான்!

விழுவதற்கு முன் அதிர்வெண் முதல்நாள் 49.68, மறுநாள் 49.84. அன்றைய அனுமதி 49.5 முதல் 50.2. அளவு எல்லைக்குள்தான் இருந்தது. கெட்டுப்போனது, கரண்டைக் கொண்டுபோகும் வழியும் அதன் காவலும்.

வடக்கே பம்புசெட்டு ஓடியது உண்மை, நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு மாநிலம் எவ்வளவு எடுக்கலாம் என்று கட்டுப்படுத்துவது விவசாயி கையிலா இருக்கு?

அப்போது தெற்குத் தொகுப்பு தனியாக ஓடியதால் நாம் தப்பித்தோம். ஆனால் மின்வெட்டிலிருந்து தப்பவில்லை. அந்த ஆண்டு சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. கிராமத்துக்கோ பல நாள் 10 மணி நேரத்துக்கு மேல். கருகின பயிர் கரண்டு வந்ததும் பச்சையாகிவிடுமா?

2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாமும் ஒரே தொகுப்பில் சேர்ந்தோம். இனி அங்கே விழுந்தால் இங்கேயும் ஆபத்து. ஆகவே நாம் கேட்கிறோம்:

* மின்வெட்டு தவிர்க்க முடியாதென்றால் நகரத்துக்கும் கிராமத்துக்கும் சமமாகப் பங்கிடு!
* மும்முனை மின்சார நேரத்தை முன்கூட்டியே அறிவி!
* ரிலே, லைன் சோதனைகளைக் காலம் தவறாமல் நடத்து!
* விசாரணை அறிக்கைகளைத் தமிழில் வெளியிடு!

விசாரிக்காமல் விவசாயி மேல் பழி போடாதே! ஒன்றுபடுவோம், போராடுவோம், வெற்றி பெறுவோம்!