பதிவேட்டில் ஒரு பெயர்

(அரசியலமைப்பு நாளையொட்டிக் கட்டுமாவடியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை உங்கள் பள்ளிகளில் அரசியலமைப்பின் முகவுரையை வாசித்து உறுதிமொழி எடுத்துவிட்டு வந்திருப்பீர்கள். அந்த முகவுரை 'நாம்' என்று பேசுகிறது. அந்த 'நாம்' என்பதற்குள் எல்லோரும் எப்படி வந்து சேர்ந்தார்கள், இன்னும் யார் வாசலில் நிற்கிறார்கள் என்பதைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று வந்திருக்கிறேன். முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1991 ஜூன் மாதம். நான் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஊசி மணி, பாசி மணி விற்கும் ஒருவர் தம் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். அந்தக் குடியிருப்பிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த முதல் பிள்ளை அவன். சேர்க்கைப் பதிவேட்டில் சாதி என்ற கட்டம் வந்தது. நான் அவரிடம் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிகிறதே என்று நினைத்து 'குறவர்' என்று எழுதினேன். 'நரி' என்று தொடங்கும் பெயரை எழுதினால் பையனுக்குக் கேலியாகிவிடும் என்ற நல்லெண்ணமும் இருந்தது. பையனைச் சேர்த்துக்கொண்ட திருப்தியில் அன்று வீட்டுக்குப் போனேன்.

குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. குறவர் தமிழ் பேசும் மக்கள். தமிழ்நாட்டின் பட்டியல் சாதியினர் வரிசையில் அவர்கள் பெயர் இருக்கிறது. நரிக்குறவர் தங்களுக்குள் தங்களை 'வாக்ரி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அது குஜராத்தி, மராத்தி போன்ற மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கெனத் தனி எழுத்து கிடையாது. அப்போது அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். நான் எழுதிய ஒரு சொல், அந்தப் பையனை அவனுக்குத் தொடர்பில்லாத வேறொரு பட்டியலில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு கனம் ஏன் வந்தது? அரசியலமைப்பின் 342ஆவது பிரிவைப் பாருங்கள். பழங்குடியினர் யார் என்று அரசியலமைப்பு விளக்கம் எழுதவில்லை. எந்தெந்தச் சமூகங்கள் பழங்குடியினர் என்று குடியரசுத் தலைவர் அறிவிக்கலாம் என்றது. அதன்படி 1950 செப்டம்பரில் ஆணை வந்தது. அதன் பிறகு ஒரு பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித்தான் நடக்கும். மாநில அரசு பரிந்துரைக்கலாம். தானாக மாற்ற முடியாது. பட்டியலில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும், நீதிமன்றமும் அதில் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் மிலிந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பெயர்தான் சாவி.

அந்தப் பெயருக்காக அரசியல் நிர்ணய சபையிலேயே ஒருவர் வாதாடினார். ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் அவர். 1946 டிசம்பர் 19 அன்று சபையில் எழுந்து, இந்த மண்ணின் மூத்த குடிகளின் சார்பில் பேசினார். 'ஆதிவாசி' என்ற சொல்லே வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்தச் சொல் ஏற்கப்படவில்லை. ஆனால், சட்டமன்றத்திலும் மக்களவையிலும் இடம், கல்வியில் வேலையில் ஒதுக்கீடு, நிலத்துக்குப் பாதுகாப்பு என்று உரிமைகள் எழுத்தில் வந்தன.

இதன் அருமை, வெளிநாடுகளைப் பார்த்தால் புரியும். ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறி அமைத்த அரசியலமைப்பு, 1901-இல் நடைமுறைக்கு வந்தபோது, மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடியினரைச் சேர்க்கக் கூடாது என்றது. 1967 பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்து அந்தப் பிரிவை நீக்கினார்கள். ஆனால் 2023 அக்டோபர் 14 அன்று, பழங்குடியினரை அரசியலமைப்பில் அங்கீகரித்து, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அவர்களுக்கு ஓர் அவை அமைக்கலாமா என்று கேட்டபோது சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் மறுத்தன. கனடா 1982-இல் தன் அரசியலமைப்பின் 35ஆவது பிரிவில் பழங்குடியினரின் உரிமைகளை ஏற்றுக்கொண்டது. நியூசிலாந்தில் 1840-இல் மாவோரித் தலைவர்களோடு வைத்தாங்கி உடன்படிக்கை எழுதினார்கள். ஆங்கிலப் படியில் இறையாண்மையைத் தருவதாக இருந்தது. மாவோரிப் படியில் ஆளுகையைத் தருவதாக மட்டுமே இருந்தது. அந்த ஒரு சொல்லின் வழக்கு இன்றும் தீரவில்லை.

அந்த நாடுகளில் யார் முதலில் வந்தவர், யார் பின்னால் வந்தவர் என்பதில் ஐயமில்லை. நம் நாட்டில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது. நரிக்குறவரே பல தலைமுறைகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்தவர்கள். நம் பட்டியல், முதலில் வந்தவர் யார் என்று கேட்பதில்லை. 1965-இல் லோகூர் குழு பார்த்த அடையாளங்கள், தனித்த பண்பாடு, ஒதுங்கி வாழ்தல், பின்தங்கிய நிலை போன்றவை. நரிக்குறவரைச் சேர்க்கலாம் என்று அந்தக் குழுவே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். நடுவில் 57 ஆண்டுகள்! 36 பெயர்கள் இருந்த தமிழ்நாட்டுப் பட்டியலில் 37ஆவதாக நரிக்குறவர், குருவிக்காரர் சேர்ந்தார்கள்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சென்ற ஆண்டு இறுதியில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "என்னைத் தெரியுதா சார்? உங்ககிட்டதான் ஒண்ணாப்பு படிச்சேன்" என்றார். அந்தப் பையன்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், செவிலியர் பட்டப்படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாள், பழங்குடியினர் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்றார். நம் மாநிலத்தில் பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தருவதில்லை. கோட்டாட்சியர் நிலையில் விசாரித்துத்தான் தருவார்கள். விசாரணையில் தகப்பனாரின் பள்ளிச் சான்று கேட்கப்பட்டிருக்கிறது. அதில் 'குறவர்' என்று இருக்கிறது.

"நான் அப்படிச் சொல்லலையே சார்னு எங்கப்பா சொல்றார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு நானே போனேன். அந்தப் பதிவு பெற்றோர் சொன்னது அன்று, என் ஊகம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அது மட்டும் போதவில்லை. அவருடைய பெரியப்பா மகன் வேறோர் ஊரில் இரண்டு ஆண்டு படித்திருந்தார். அந்தப் பள்ளியின் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தபோது, அழகான கையெழுத்தில் 'நரிக்குறவர்' என்று இருந்தது. எழுதிய ஆசிரியர் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் நின்று கேட்டு எழுதியிருக்கிறார். அதுதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

கடந்த மாதம் சான்று கிடைத்துவிட்டது. ஆனால் இந்த ஆண்டுச் சேர்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பெண் இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். "அடுத்த வருஷம் கண்டிப்பா சேர்ந்துடுவேன் சார்" என்கிறாள். சேர வேண்டும். கையில் சம்பளம் பார்த்த பிறகு படிப்புக்குத் திரும்பாத எத்தனையோ பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது மிகச் சிறியவை. சேர்க்கையின்போது பெற்றோர் சொல்வதைக் கேளுங்கள். அரசுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சரியான பெயர் எதுவென்று அவர்களோடு பேசி எழுதுங்கள். பதிவேட்டில் எழுதியதும் எமிஸில் ஏற்றியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுநாயக்கர், இருளர், நரிக்குறவர் பிள்ளைகள் இருந்தால் சான்றுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இ-சேவை மையத்துக்கு வழி சொல்லுங்கள், முடிந்தால் கூடப் போங்கள். பழைய தவறு கண்ணில் பட்டால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். வகுப்பில் அந்தப் பிள்ளையின் மொழியில் தண்ணீருக்கு என்ன சொல்வார்கள் என்று ஒருநாள் கேளுங்கள். மற்ற பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும். கேலியை நிறுத்த அது உதவும். பெயரை மறைத்த என் வழி உதவவில்லை.

நாடாளுமன்றம் 57 ஆண்டுகள் கழித்துத் தந்ததை, ஒரு பதிவேட்டின் ஒரு வரி தடுத்து நிறுத்தியது. அந்த வரியை எழுதியது நான். நான் வரும் ஆண்டில் பணி நிறைவு பெறுகிறேன். உங்களில் பலருக்கு இன்னும் இருபது, முப்பது ஜூன் மாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜூனிலும் அந்தக் கட்டம் வரும்போது, பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிடம் கேளுங்கள்.